கைக்குள் இருந்த வண்டு

என் இடது கைக்குள் ஒரு வண்டு இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் என் மகள். படுத்திருந்த என் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தவள், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே காதை வைத்துவிட்டு, கண்களை அகல விரித்துக்கொண்டு, "அம்மா, உள்ள வண்டு கத்துது" என்றாள்.

வண்டு இல்லை, ரத்தம். டயாலிசிஸ் செய்வதற்காக அந்தக் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். பிஸ்டுலா என்பார்கள். அங்கே ரத்தம் இரைந்து ஓடும். விரலை வைத்தால் அதிரும், காதை வைத்தால் ரீங்காரம் கேட்கும். அந்த இடத்தில் ஊசி குத்தித்தான் ரத்தத்தை எந்திரத்துக்கு எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். இரைச்சல் நின்றால் வழி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வேலையை என் மகள் தானாகவே எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் விளக்குப் போட்டதும் வந்து கையில் காதை வைப்பாள். "வண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றுக்கு உட்காருவாள்.

அவளைப் பெற்றபோதுதான் எனக்குச் சிறுநீரகம் போனது. பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, கண் விழித்தபோது பிள்ளை தொட்டிலில் இருந்தது, சிறுநீர் மட்டும் வரவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்றார்கள். வரவேயில்லை. "புள்ளையக் குடுத்துட்டு கிட்னிய எடுத்துக்கிட்டாரு ஆண்டவரு" என்று எங்கள் ஊரில் ஒரு பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள். கையில் ஊசி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவளை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அவர் அங்கே இருந்தால்தான் இங்கே மாத்திரை வாங்க முடியும், அதனால் வரச் சொல்லவும் முடியாது. என் அப்பா அம்மாவும் இல்லை, மாமனார் மாமியாரும் இல்லை. எங்களுக்கு என்று இருக்கிற ஒரே ஆள் அவருடைய அக்கா, என் நாத்தனார். திருவரங்குளத்தில் டீச்சர். பிள்ளையில்லாதவர். வாரக் கடைசியில் பஸ் மாறி மாறி வந்து, வீட்டைக் கூட்டி, எனக்குப் பொங்கிப் போட்டு, என்னைத் திட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியலில் நான் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸ் போகும்போது எதிர்வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். நான் திரும்பி வந்ததும் அவர் வேலைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் மகளும்தான். எங்கள் இருவரோடு தூக்கமும் இருந்தது.

தூக்கம் என்றால் நீங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போடும் தூக்கம் இல்லை. ராத்திரி எல்லாம் கால் குறுகுறுக்கும், தோல் அரிக்கும், கண் மூடாது. விடிந்து வெயில் ஏறினால் போதும், கரண்ட் போவது மாதிரி நான் போய்விடுவேன். கொட்டாவி வராது, கண் சொருகாது, முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் முதல் பத்து மணி தாண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு டிக்கெட் கொடுக்கும்போதே, "எறங்குற எடத்துல எழுப்பிவிடுறேன், தூங்குங்கம்மா" என்பார். வீட்டுக்காரர் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை அப்படியே போய்விட்டேன். விழித்தபோது அவர் முகம் இன்னும் போனில் இருந்தது. "நான் பேசுறது ஒனக்கு அம்புட்டுக் கசக்குதா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஊரில் எனக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டிவிட்டார்கள். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். பின் பெஞ்சில் தூங்குகிற பிள்ளைகளைச் சுண்ணாம்புக்கட்டி வீசி எழுப்பியவள். இப்போது என்னை எழுப்ப ஊரே சுண்ணாம்புக்கட்டியோடு நின்றது.

தூக்கத்தைப் பற்றிப் படிக்கிற ஓர் இளம் பெண் டாக்டர் எங்கள் டயாலிசிஸ் வார்டுக்கு வந்தார். ஒவ்வொரு கட்டிலாக நின்று கேள்வி கேட்டார். டி.வி. பார்க்கும்போது தூங்குவீர்களா, பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்குவீர்களா, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது தூங்குவீர்களா என்று. பக்கத்துக் கட்டில் பெரியவர், ஆவுடையார்கோவில்காரர், "பஸ்ஸுல தூங்காம என்னத்தப் பண்றது டாக்டர்? டிரைவர் முழிச்சிருந்தாப் போதாதா?" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். என் முறை வந்ததும் எல்லாக் கேள்விக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அழுதுவிட்டேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கிட்னி ராப்பகலா செய்ற வேலைய இந்த எந்திரம் சில மணி நேரத்துல செய்யுதுக்கா. எல்லாத்தையும் எடுத்துராது. சில கழிவு புரோட்டீனோட ஒட்டிக்கிட்டு ரத்தத்துலயே சுத்தும். அமிலம் சேரும். ராத்திரி சுரக்க வேண்டிய தூக்க ஹார்மோன் சரியா சுரக்காது. ஒங்க மூளைக்கு எது பகல், எது ராத்திரின்னே தெரியாமப் போயிருது. எதனால எவ்வளவுன்னு இன்னும் முழுசா தெரியல. அதத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

"அப்ப நான் சோம்பேறி இல்லையா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

அதை எங்கள் ஊர்க் கோயில் மைக்கில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், வந்து ஒருமுறை சொல்லிவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். பாஸ்பரஸைக் குறைக்கிற மாத்திரையைச் சாப்பாட்டோடு ஒழுங்காகப் போடச் சொன்னார், டயாலிசிஸை ஒருநாளும் விடக்கூடாது என்றார், தூக்கத்துக்கென்று தனியாக எதுவும் கைவசம் இல்லை என்றார். வண்டி ஓட்டாதீர்கள், அடுப்பருகே கவனமாக இருங்கள் என்றும் சொன்னார். "வீட்டுல சின்னப் புள்ள இருக்கு டாக்டர். பகல்ல நாங்க ரெண்டு பேருந்தான்" என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் என்ன செய்வார், வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவா முடியும்?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊருணி. அந்த வருஷம் நல்ல மழை, தை மாதத்தில்கூடத் தண்ணீர் மேல்படி வரைக்கும் நின்றது. ஒருநாள் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நினைவு, எதிர்வீட்டு அக்கா என் தோளைப் பிடித்து உலுக்குவது. என் விரலில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. மகள் அந்த அக்காவின் இடுப்பில் இருந்தாள். பாவாடை நனைந்திருந்தது.

"படிக்கட்டுல உக்காந்து தண்ணிய அள்ளி அள்ளி வெளாண்டுக்கிட்டு இருக்கு. மாட்டப் பாக்கப் போன நான் பாக்கலைன்னா? ஒனக்கு என்னதான்டி வந்துச்சு?"

மகளை வாங்கி, அவள் நனைந்த பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

செய்தி திருவரங்குளத்துக்கு அன்றைக்கே போய்விட்டது. சனிக்கிழமை நாத்தனார் வந்தார். திட்டவில்லை. சமைத்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார், எல்லாம் முடித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"புள்ள எங்கிட்ட இருக்கட்டும். எங்க ஸ்கூல்லயே எல்.கே.ஜி. சேத்துருவோம். ஒன்னால முடியலைன்னு சொல்லல. ஒன் ஒடம்பால முடியல."

"ஜூன் வரைக்கும் குடுங்கண்ணி" என்றேன். "ஸ்கூல் தொறக்குற வரைக்கும். அதுவரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னா அவ எங்கூடவே இருக்கட்டும். இங்கயே பால்வாடியில விட்டுர்றேன்."

வீட்டுக்காரரும் போனில் இருந்தார். "அக்கா சொல்றதும் சரிதான..." என்று ஆரம்பித்தவரை நாத்தனாரே கையமர்த்தினார். "சரி, ஜூன் வரைக்கும் பாப்போம். ஆனா அதுக்குள்ள இன்னொரு தடவ இப்படி ஒண்ணு நடந்துச்சு, நான் ஒன்ன கேக்க மாட்டேன், தூக்கிட்டுப் போயிருவேன்" என்றார்.

எனக்கென்று மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். சாப்பாடு போனது, தண்ணீர் போனது, வேலை போனது, வீட்டுக்காரர் போனுக்குள் போனார். இவளையும் கொடுத்துவிட்டு எதற்காக அந்த ஊசியைக் குத்திக்கொண்டு கிடக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விழித்திருக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். பச்சை மிளகாயைக் கடித்தேன். தாகம்தான் எடுத்தது, தண்ணீரோ எனக்கு அளவு. நின்றுகொண்டே இருந்தேன், சுவரில் சாய்ந்தபடி தூங்கினேன். பின்கதவைத் தாழிட்டேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொண்டாள். மகளுக்குக் கொலுசு போட்டுவிட்டேன், சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளலாம் என்று. கனவிலும் கொலுசுச் சத்தம் வந்தது, நான் கனவிலேயே அவளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் துணி நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள், கைப்பிள்ளையை வரப்பு மரத்தடியில் விட்டு, பழைய சேலைக் கிழிசலால் இடுப்பில் ஒரு கட்டுப் போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். பிள்ளை அந்த வட்டத்துக்குள் மண்ணைத் தின்றுகொண்டு பத்திரமாக இருக்கும். மகளுக்குத் தொட்டில் கட்டிய நூல் சேலை பெட்டியில் இருந்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. நீளமாக ஒரு துண்டு கிழித்தேன். முதலில் ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தேன். அவள் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தில் துணியைச் சிக்கவைத்துக்கொண்டாள். நல்லவேளை அப்போது விழித்திருந்தேன். அதோடு ஜன்னலை விட்டுவிட்டு, மறுமுனையை என் கையில் கட்டிக்கொண்டேன். அவள் நகர்ந்தால் இழுக்கும், இழுத்தால் விழிப்பேன்.

இடது கையில் கட்டினேன். ஆமாம், அந்தக் கையில்தான். வலது கை வேலைக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆபரேஷன் ஆனதிலிருந்து தூக்கத்திலும் அந்தக் கையை நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஈ வந்து உட்கார்ந்தாலும் விழித்துவிடுவேன். உடம்பெல்லாம் செத்துக் கிடந்தாலும் அந்தக் கை மட்டும் உயிரோடு இருந்தது. என்னை எழுப்ப அதைவிட நல்ல இடம் எது? அந்தக் கையில் வளையல் போடாதே, வாட்ச் கட்டாதே, பிரஷர் பார்க்க விடாதே, தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். தொட்டில் சேலையைக் கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்? மணிக்கட்டில் ஒரு விரல் நுழைகிற மாதிரித் தளர்வாகத்தான் முடிச்சுப் போட்டேன்.

அது வேலை செய்தது! அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. மாசி, பங்குனி முழுக்க வேலை செய்தது. அவள் எழுந்து நடந்தால் கை இழுபடும், நான் விழிப்பேன். "எங்கடி போற?" என்பேன். "எங்கிட்டும் போகலம்மா" என்று திரும்பி வருவாள். சில சமயம் வேண்டுமென்றே இழுத்துவிட்டுச் சிரிப்பாள். எழுந்திரு என்று சொல்லவே மாட்டாள், இழுத்துவிட்டுக் காத்திருப்பாள். எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. நாத்தனார் வரும்போது மட்டும் துணியை அவிழ்த்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுவேன். பிள்ளையை மாட்டைப்போலக் கட்டி வைக்கிறாயா என்பார். வாராவாரம் வந்து பார்த்து, "பரவால்லையே, தேறிட்ட" என்றார். எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது.

ஈஸ்டருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது. தவக்காலம் முழுக்க, ஏன், இந்த வருஷங்கள் முழுக்க உப்பும் புளியும் இல்லாமல் நாக்கு மரத்துப் போயிருந்தேன். தின்றேன். வயிறாரத் தின்றேன். குழம்பு தின்றால் தாகம், தாகம் எடுத்தால் தண்ணீர். மறுநாள் டயாலிசிஸில் என் எடையைப் பார்த்து டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். ஏறியிருந்த தண்ணீரை எல்லாம் எடுத்தார்கள். முடிந்தபோது பிரஷர் இறங்கிக் கண் இருட்டியது. கொஞ்சம் படுத்திருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பிள்ளை காத்திருக்கும் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் துணியைக் கட்டிக்கொண்டு பாயில் சாய்ந்தேன். கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறி எழுந்தேன். மகள் என் பக்கத்தில், என் முதுகை ஒட்டிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த தடம். பத்திரமாக இருந்தாள். அதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. துணி முறுக்கிக்கொண்டு கயிறாகி, முழங்கை வரை ஏறிச் சுற்றியிருந்தது. அந்தக் கை என் உடம்புக்கு அடியில் கிடந்திருக்கிறது. விரல்கள் மரத்திருந்தன. துணியை அவிழ்த்து, கையை உதறிவிட்டு, மாதாவே நன்றி என்று சிலுவை போட்டுக்கொண்டேன். நன்றி சொன்னேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் விளக்குப் போட்டேன். மகள் வழக்கம்போல வந்து கையில் காதை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"அம்மா, வண்டைக் காணோம்."

விரலை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. கையை மடக்கி என் காதிலேயே வைத்துப் பார்த்தேன். வெறும் கை. சாதாரண மனிதர்களுக்கு இருக்கிற மாதிரி ஒரு கை.

எதிர்வீட்டு அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் புதுக்கோட்டைக்கு ஓடினேன். ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்றார்கள். மருந்து விட்டுப் பார்த்தார்கள், திறந்தும் பார்த்தார்கள், வரவில்லை. பிரஷர் இறங்கியதும் ஒரு காரணம், அழுத்தம் பட்டதும் ஒரு காரணம் என்றார் டாக்டர். "கையில எதுவும் இறுக்கமா கட்டியிருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, ஆமாம் என்றேன். டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் குழாய் போட்டார்கள். வலது கையில் புதிதாகப் பிஸ்டுலா வைக்கலாம், அது பழுத்து, ஊசி குத்துகிற அளவுக்குத் தடித்து வர மாதக்கணக்கில் ஆகும், என் நரம்பு மெலிசு, வராமலும் போகலாம் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து நாத்தனார் மகளைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். என் கழுத்தில் குழாயைப் பார்த்ததும் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூப்பிட்டேன். மெல்ல வந்து, கட்டிலில் ஏறாமல், என் இடது கையை ஒரு விரலால் தொட்டாள்.

"நாந்தாம்மா."

"என்னடி நீதான்?"

"நீ எந்திரிக்கவே இல்ல. நான் இழுத்தேன். நெறைய இழுத்தேன். அதான் வண்டு செத்துப்போச்சு."

"இல்லடி தங்கம். வண்டு எங்கிட்டோ பறந்து போயிருச்சு. அம்மாவோட இந்தக் கைக்கு வந்துரும் பாரு" என்று வலது கையைக் காட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே இழுக்க மாட்டேம்மா" என்றாள்.

என் மகளை நான் பார்த்துக்கொள்ளவே இல்லை. இரண்டு மாதமாக அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காதை வைத்து, பகலில் துணியை இழுத்து, நாலு வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை என் உயிரைக் காவல் காத்திருக்கிறது. காத்த வண்டு போய்விட்டது, அது தன்னால்தான் என்று இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறது.

"கூட்டிட்டுப் போங்கண்ணி" என்றேன்.

ஜூன் வரைக்கும் என்று கணக்கு வைத்திருந்த நாத்தனார்தான் அழுதார். "நான் லீவு போட்டுட்டு இங்கிட்டே வந்து இருக்கேன். நீ அவசரப்படாத" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் எத்தனை நாள் லீவு போடுவார்? அதோடு, நான் கண்ணை மூடும்போதெல்லாம் என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, இழுக்கவும் பயந்து, இழுக்காமல் இருக்கவும் பயந்து பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

திருவரங்குளத்தில் பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலம் போன் வரும். வலது கையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இன்னும் சரியாகப் பழுக்கவில்லை. வண்டு வந்துவிட்டதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாளோ என்னவோ. "சாப்டியாம்மா? தூங்குனியா?" என்று மட்டும் கேட்பாள்.

தூங்கினேன் என்று சொல்வேன். பொய்யில்லை. பின்கதவு திறந்தே கிடக்கிறது, தொட்டில் சேலைத் துண்டு பெட்டிக்குள் இருக்கிறது. வெயில் ஏறியதும் எங்கே உட்கார்ந்தேனோ அங்கேயே தூங்கிவிடுகிறேன். என்னை எழுப்ப ஒருவரும் இழுப்பதில்லை.